வண்டி நின்றால் யார் சரிசெய்வார்? மின்காரா, ஹைபிரிடா என்று முடிவெடுக்கும் முன்

மின்காரில் அசையும் பாகங்கள் குறைவு, அதனால் பழுதும் குறைவு. விற்பனைக் கூடங்களில் தவறாமல் கேட்கும் வாதம் இது. அதில் பாதி உண்மை. பழுது எத்தனை முறை வருகிறது என்பது ஒரு கணக்கு. வந்த பழுதை எத்தனை பேரால், எத்தனை நாளில், எங்கிருந்து உதிரிபாகம் வரவழைத்துச் சரிசெய்ய முடிகிறது என்பது வேறு கணக்கு. கார் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் முதல் கணக்கோடு நிறுத்திவிடுகிறார்கள். வாரண்டி முடிந்த பிறகும் வண்டியை வைத்திருப்பவர்களைப் பாடாய்ப் படுத்துவது இரண்டாவது கணக்குதான்.

இங்கே ஹைபிரிட் என்று சொல்வது, பிளக்கில் மாட்டாமல் எஞ்சினும் மோட்டாரும் சேர்ந்து ஓடும் முழு ஹைபிரிடை. பிளக்கில் மாட்டும் வகைக்கும், சிறு மோட்டார் எஞ்சினுக்குத் துணை மட்டும் செய்யும் 48 வோல்ட் மைல்டு ஹைபிரிடுக்கும் பிறகு வருவோம்.

வழக்கமான சர்வீஸ்

மின்காரின் பட்டியல் சின்னது. கேபின் ஃபில்டர், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பிரேக் திரவம், தயாரிப்பாளர் சொன்ன கெடுவில் கூலன்ட், எப்போதாவது ஒருமுறை ரிடக்‌ஷன் கியர்பாக்ஸுக்கு 1 முதல் 2 லிட்டர் ஆயில். கூலன்ட்டில் மட்டும் கவனம் தேவை. சில மாடல்களில் மின்சாரம் எளிதில் கடத்தாத தனி வகைக் கூலன்ட் இருக்கும். அளவு குறைந்திருக்கிறதே என்று கையில் கிடைத்த பச்சையையோ சிவப்பையோ ஊற்றினால், முழு அமைப்பையும் கழுவி மறுபடி நிரப்ப வேண்டிவரும்.

ஹைபிரிடுக்கு இவற்றோடு எஞ்சினின் தேவைகளும் சேரும்: 0டபிள்யூ-16 அல்லது 0டபிள்யூ-20 ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், எஞ்சின் கூலன்ட். டொயோட்டா வகை ஹைபிரிடில், பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றும் இன்வெர்ட்டருக்குத் தனிக் கூலன்ட் சுற்றும் சிறு தொட்டியும் உண்டு. பானட்டைத் திறந்தால் இரண்டு தொட்டி தெரியும். பல பட்டறைகளில் எஞ்சின் தொட்டியை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள்.

ஹைபிரிட் என்றால் இரண்டு வண்டிகளின் பழுதும் ஒரே வண்டியில் என்று சொல்வதுண்டு. எல்லா ஹைபிரிடுக்கும் இது பொருந்தாது. 1997-ல் பிரியஸில் வந்த டொயோட்டா அமைப்பில் தனி ஸ்டார்ட்டர் மோட்டார் இல்லை, ஆல்டர்னேட்டர் இல்லை, தேயும் கிளட்ச் இல்லை, கியர் மாறும் இயந்திரமும் இல்லை. ஒரு கோள்கியர் தொகுதியும் இரண்டு மோட்டார்-ஜெனரேட்டர்களும் சேர்ந்து இத்தனை வேலையையும் செய்கின்றன. மூன்றாம் தலைமுறை பிரியஸில் எஞ்சினுக்கு வெளியே ஒரு பெல்ட்கூடக் கிடையாது. சாதாரணப் பெட்ரோல் காரில் அதிகம் கெடுகிற சாமான்களையே எடுத்துவிட்ட அமைப்பு அது. ஹூண்டாய் அயோனிக், கியா நிரோ ஹைபிரிட்களின் ஏற்பாடு வேறு. 6 வேக இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸ், எஞ்சினை மோட்டாரோடு சேர்த்துப் பிரிக்கும் இன்னொரு கிளட்ச், பெல்ட்டில் சுற்றும் ஸ்டார்ட்டர்-ஜெனரேட்டர் என்று தேயக்கூடியவை கூடுதல். ஆகவே ஹைபிரிட் என்ற பெயரைப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது, உள்ளே எந்த அமைப்பு என்று கேட்க வேண்டும்.

நல்ல அமைப்பிலும் எஞ்சின் எஞ்சின்தான். 2010 முதல் 2015 வரையிலான பிரியஸில் வெளியேறும் புகையின் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பும் ஈ.ஜி.ஆர். கூலர் கரியால் அடைத்துக்கொள்ளும். குளிர்ந்த புகை எல்லாச் சிலிண்டருக்கும் சமமாகப் போகாததால் சூடு ஏறி, ஹெட் கேஸ்கெட் போகும். காலையில் ஸ்டார்ட் ஆனதும் எஞ்சின் சில நொடி உதறினால், கூலன்ட் காரணமில்லாமல் குறைந்தால், அதுதான் முதல் அறிகுறி. கூலரையும் மேனிஃபோல்டின் சிறு துளைகளையும் கழற்றிச் சுத்தம் செய்வது அரைநாள் வேலை. அதைத் தள்ளிப்போட்டால் எஞ்சினையே பிரிக்க நேரும்.

பிரேக் விஷயத்தில் இரண்டுக்கும் ஒரே நன்மை, ஒரே சிக்கல். மோட்டாரே வேகத்தைக் குறைத்துக்கொள்வதால் பேட் வெகுநாள் தேயாது. தேயாததால் டிஸ்க்கில் துரு ஏறும், காலிபரின் ஸ்லைடு பின் இறுகும். பேட்டின் தடிமனை மட்டும் பார்த்து "நல்லா இருக்கு" என்று அனுப்புகிற மெக்கானிக் பாதி வேலைதான் செய்திருக்கிறார். ஆண்டுக்கு ஒருமுறை பின்னைக் கழற்றிச் சுத்தம் செய்து, அதற்குரிய கிரீஸ் தடவ வேண்டும்.

பேட்டரி

இரண்டுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இங்கேதான். முழு ஹைபிரிடின் பேட்டரி 1 முதல் 2 கிலோவாட் மணி அளவுதான். பின்சீட்டுக்கு அடியிலோ டிக்கியிலோ இருக்கும், இரண்டு பேர் சேர்ந்து தூக்கிவிடலாம். மின்காரின் பேட்டரி பெரும்பாலும் 40 முதல் 80 கிலோவாட் மணி, எடை சில நூறு கிலோ, வண்டியின் வயிறு முழுக்கப் பரவியிருக்கும். அதை இறக்க அடிப்பகுதி திறந்திருக்கும் லிஃப்ட் வேண்டும், தாங்கும் மேசை வேண்டும், கூலன்ட்டை வடிக்க வேண்டும். திறந்து மூடினால் புது சீல் போட்டு, உள்ளே மெல்லிய காற்றழுத்தம் கொடுத்துக் கசிவு இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும். இந்தக் கடைசிப் படியைத் தவறவிட்டால் அடுத்த மழைக்குள் ஈரம் புகுந்து, மின்சாரம் வண்டியின் உடலுக்குக் கசிகிறது என்று சொல்லும் இன்சுலேஷன் பிழை வரும். ஒரு பட்டறைக்கு மின்கார் பேட்டரி வேலை தெரியுமா என்று பார்க்க, கசிவுச் சோதனைக் கருவி இருக்கிறதா என்று கேட்டாலே போதும்.

ஹைபிரிட் பேட்டரியைப் பற்றி ஊருக்குள் நிறைய அறிவு பரவியிருக்கிறது. இரண்டாம் தலைமுறை பிரியஸில் 7.2 வோல்ட் வீதம் 28 மாட்யூல் (செல்களின் தொகுதி), மொத்தம் 201.6 வோல்ட். கணினி இவற்றை இரண்டிரண்டாகச் சேர்த்து 14 ஜோடிகளாகக் கவனிக்கிறது. ஒரு ஜோடி மற்றவற்றைவிட அதிகம் சரிந்தால் பி0ஏ80 என்ற பிழை எண் விழும். உடனே கெட்ட ஒரு மாட்யூலை மட்டும் மாற்றித் தருகிறேன் என்று சொல்பவர்கள் கிடைப்பார்கள். மலிவாகவும் முடியும். ஆனால் ஒரே வயதில் தளர்ந்த 27 பழைய மாட்யூல்களோடு ஒன்றைச் சேர்த்தால், அடுத்த பலவீனமானது சில மாதத்தில் விழும். ஓர் ஓட்டையை அடைத்தால் பக்கத்தில் இன்னொன்று. முறையாகச் செய்பவர் 28-ஐயும் சார்ஜ், டிஸ்சார்ஜ் செய்து கொள்ளளவு அளந்து, நெருங்கிய அளவுள்ளவற்றைத் தேர்ந்து, துருப்பிடித்த இணைப்புத் தகடுகளையும் மாற்றித் தருவார். வண்டியை இன்னும் பல ஆண்டு வைத்திருப்பதாக இருந்தால் புது செல்களால் ஆன முழுப் பேட்டரியே சரி. அதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

இந்தப் பேட்டரிகளைச் சீக்கிரம் கொல்வது பெரும்பாலும் தூசி. காற்றால் குளிரும் அமைப்பில், பின்சீட்டுப் பக்கம் ஒரு காற்றுத் துவாரம் இருக்கும். அதன் மேல் பை வைப்பது, செல்லப் பிராணியின் முடி அடைவது, விசிறியில் தூசி படிவது எல்லாம் பேட்டரியைச் சூட்டில் வேகவைக்கும். துவாரத்து ஃபில்டரை ஒவ்வொரு சர்வீஸிலும் தட்டிச் சுத்தம் செய்ய ஐந்து நிமிடம் போதும். சர்வீஸ் பில்லில் இது இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், பல நேரம் இருக்காது.

மின்காரில் பழுதுபார்க்கும் வசதி மாடலுக்கு மாடல் தலைகீழாக மாறும். மாட்யூல்களாகப் பிரியும் பேட்டரி என்றால் ஒரு பகுதியை மட்டும் மாற்றலாம். 2021-ல் எல்லா செவ்ரலே போல்ட் கார்களையும் திரும்ப அழைத்தபோது, செல்லுக்குள் கிழிந்த ஆனோடு முனையும், இரு மின்முனைகளைப் பிரித்துவைக்கும் தாள் மடிந்திருந்ததும் காரணம் என்று தெரிந்து, பேட்டரி மாட்யூல்களை மாற்றித் தந்தார்கள். மாற்ற முடிகிற மாதிரி கட்டியிருந்ததால்தான் அது சாத்தியம். இப்போது செல்களை நேராகப் பெட்டிக்குள் பசையும் நுரையும் போட்டு ஒட்டிவிடும் அமைப்புகள் பெருகுகின்றன. எடையும் செலவும் குறைகின்றன, ஆனால் ஒரு செல் போனாலும் பெட்டி முழுவதும் மாற வேண்டியதுதான். அடிப்பகுதி கல்லில் இடித்து ஒடுங்கினாலும் இதே கதை. உள்ளே சேதமில்லை என்று சான்றளிக்க யாரும் முன்வராததால் முழுப் பேட்டரியையும் மாற்றச் சொல்வார்கள். காப்பீடு எடுக்கும்போது பேட்டரிப் பெட்டியின் அடிச்சேதம் அடங்குமா என்று எழுத்தில் வாங்கிக்கொள்வது அவசியம்.

பேட்டரி தளர்வதைப் பற்றிய பயத்துக்கு அளவு உண்டு. 2022-ல் ஐ.நா. உலகத் தொழில்நுட்ப விதி எண் 22, 5 ஆண்டு அல்லது 1,00,000 கி.மீ. வரை 80 விழுக்காடும், 8 ஆண்டு அல்லது 1,60,000 கி.மீ. வரை 70 விழுக்காடும் ஆற்றல் மிஞ்ச வேண்டும் என்று வரையறுத்தது. பெரும்பாலான தயாரிப்பாளர்களின் வாரண்டியும் இந்த 8 ஆண்டு, 70 விழுக்காட்டைச் சுற்றியே இருக்கிறது. திரவத்தால் குளிரும் பேட்டரி இதைத் தாண்டியும் தாக்குப்பிடிக்கும். திரவக் குளிர்ச்சி இல்லாத பழைய நிசான் லீஃப் போன்றவை வெப்பமான இடங்களில் வேகமாகத் தளர்ந்தது எல்லோரும் அறிந்தது. ஆகவே வெயில் அதிகமுள்ள இடத்தில் இருப்பவர் திரவக் குளிர்ச்சி இல்லாத மின்காரை, அது எவ்வளவு மலிவானாலும், ஒதுக்கிவிடுவது நல்லது.

பேட்டரி அல்லாத மின் பாகங்கள்

மின்கார் வைத்திருப்பவர்களை நடுவழியில் நிறுத்துவது பெரும்பாலும் பெரிய பேட்டரி இல்லை. ஏ.சி. மின்சாரத்தை டி.சி.யாக மாற்றிப் பேட்டரியில் ஏற்றும் உள் சார்ஜர், 12 வோல்ட்டைத் தரும் டி.சி. மாற்றி, சார்ஜ் வாயின் பூட்டு மோட்டார், சாதாரண 12 வோல்ட் பேட்டரி இவைதான். 2024-ல் ஹூண்டாய் அயோனிக் 5, கியா ஈ.வி.6 முதலிய கார்கள் திரும்ப அழைக்கப்பட்டதற்குக் காரணம், சார்ஜரையும் டி.சி. மாற்றியையும் சேர்த்த ஐ.சி.சி.யூ. என்ற பெட்டி பழுதாகி 12 வோல்ட் பேட்டரி வற்றிப்போவது. அது வற்றினால் பெரிய பேட்டரியில் எவ்வளவு சார்ஜ் இருந்தாலும் வண்டி நகராது. இப்படிப் பல வேலைகளை ஒரே பெட்டியில் அடைப்பதில் ஒரு விலை இருக்கிறது. சின்னப் பாகம் ஒன்று போனாலும் பெட்டி மொத்தமும் மாற்றப்படும், கையிருப்பில் இல்லையென்றால் வண்டி வாரக்கணக்கில் நிற்கும்.

12 வோல்ட் பேட்டரி இரண்டு வகையிலும் தலைவலிதான், ஆனால் எளிதில் தவிர்க்கக்கூடியது. ஒரு மல்ட்டிமீட்டர் போதும். வண்டி ஓய்வில் இருக்கும்போது 12.6 வோல்ட் பக்கம் இருந்தால் நலம், 12.2-க்குக் கீழே போனால் சந்தேகம். வண்டியை இயக்கி ஓடத் தயாரான ரெடி நிலையில் 13.8 முதல் 14.5 வரை காட்டினால் டி.சி. மாற்றி வேலை செய்கிறது. பயணிகள் பகுதிக்குள் இந்தப் பேட்டரியை வைத்திருக்கும் ஹைபிரிடில் வாயுவை வெளியே விடும் குழாய் பொருந்திய வகையையே போட வேண்டும். சாதாரணப் பேட்டரியைத் திணித்தால் அமிலப் புகை உள்ளேயே தங்கும்.

இன்னொரு பழுது முழுக்க முழுக்க மெக்கானிக்கின் கையால் வருவது. மின்கார், ஹைபிரிட் இரண்டிலும் ஏசி கம்ப்ரஸர் உயர் மின்னழுத்தத்தில் ஓடுகிறது. அதற்கு மின்சாரம் கடத்தாத பி.ஓ.ஈ. ஆயில்தான் போட வேண்டும். பெட்ரோல் கார்களுக்குப் பயன்படுத்திய அதே கேஸ் நிரப்பும் இயந்திரத்தை மாட்டினால், குழாயில் மிஞ்சிய பி.ஏ.ஜி. ஆயில் உள்ளே போய் இன்சுலேஷனைக் கெடுக்கும். ஏசி கேஸ் நிரப்பப் போன வண்டி சில நாளில் பி0ஏஏ6 என்ற இன்சுலேஷன் பிழையோடு நிற்பதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். கேஸ் நிரப்பும் முன் எந்த ஆயில் என்று கேட்க உரிமையாளருக்கு முழு உரிமை உண்டு.

இன்சுலேஷன் பிழை வந்தாலே பேட்டரியை மாற்று என்று சொல்லும் இடத்தை விட்டு வெளியே வந்துவிடுங்கள். ஐ.நா. ஒழுங்குமுறை எண் 100-ன்படி டி.சி. சுற்றில் ஒரு வோல்ட்டுக்கு 100 ஓம், ஏ.சி. மின்சாரமும் இணைந்த சுற்றில் 500 ஓம் என்பது குறைந்தபட்ச எல்லை. 400 வோல்ட் அமைப்பில் இரண்டாவதன்படி 2 லட்சம் ஓம். அதற்குக் கீழே போனால், கம்ப்ரஸர், ஹீட்டர், சார்ஜர், டி.சி. மாற்றி, மோட்டார் என்று ஒவ்வொன்றாகக் கழற்றி, இன்சுலேஷனை அளக்கும் மெகர் கருவியால் அளந்து எதில் கசிகிறது என்று பிடிப்பதே முறை. பெரும்பாலும் ஈரம் புகுந்த ஹீட்டரோ கம்ப்ரஸரோ மாட்டும்.

அந்த வேலையைச் செய்பவர் எப்படித் தொடங்குகிறார் என்று பார்த்தாலே அவர் பயிற்சி தெரிந்துவிடும். சாவி அகற்றி, 12 வோல்ட் மைனஸைக் கழற்றி, உயர் மின்னழுத்தச் சுற்றைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கை உருவித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். கெபாசிட்டர் வற்ற 5 முதல் 10 நிமிடம் காத்திருக்க வேண்டும். 1000 வோல்ட் கையுறையைச் சுருட்டிக் காற்று கசிகிறதா என்று பார்த்த பிறகே மாட்ட வேண்டும். மீட்டரை முதலில் தெரிந்த மின்மூலத்தில் சோதித்து, பிறகு வண்டியில் சுழி என்று பார்த்து, மறுபடி அதே மூலத்தில் சோதிக்க வேண்டும். உயர் மின்னழுத்தம் ஓடும் ஆரஞ்சு வயரை வெறுங்கையால் தொடுபவரிடம் எந்த வண்டியையும் விடாதீர்கள். அது அவர் உயிருக்கும் ஆபத்து.

உதிரிபாகமும் மென்பொருளும்

விற்பனை அதிகமான ஹைபிரிட் மாடலுக்கு அசல் பாகம், மாற்று நிறுவனப் பாகம், காயலான் கடைப் பாகம் என்று மூன்று வழி திறந்திருக்கும். மின்காரில் லீஃப் போன்ற பழைய, நிறைய ஓடிய மாடல்களுக்குத்தான் இந்த நிலை வந்திருக்கிறது. அதில்கூட 24 கிலோவாட் மணி வண்டியில் 40-ஐப் பொருத்த இடையில் ஒரு தகவல் மாற்றிப் பலகை வைக்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் புதுப் பேட்டரியை வண்டியின் கணினி தானாக ஏற்றுக்கொள்ளாது. புதிய மின்கார்களில் இந்தப் பூட்டு இன்னும் இறுக்கம். சார்ஜரை மாற்றினால்கூட தயாரிப்பாளரின் இணையச் சர்வரோடு பேசிப் பதிவு செய்தாக வேண்டும். பாகம் கையில் இருந்தும் அனுமதி இல்லாமல் வண்டி நிற்கும் நிலை வரலாம். நிறுவனமே இல்லாமல் போனால்? ஃபிஸ்கர் 2024 ஜூனில் திவால் மனு கொடுத்த பிறகு அதன் ஓஷன் காரை வாங்கியவர்கள் பாகத்துக்கும் மென்பொருளுக்கும் திண்டாட நேர்ந்தது. புதிய நிறுவனத்தின் மின்காரை, அது எவ்வளவு அழகாக இருந்தாலும், நீண்டகாலத்துக்கு என்று வாங்கத் துணியக் கூடாது என்பது இதிலிருந்து கிடைக்கும் நேரடிப் பாடம்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2027 பிப்ரவரி 18 முதல் மின்கார் பேட்டரிகளுக்கு மின்னணுக் கடவுச்சீட்டு கட்டாயமாகிறது. பழைய பேட்டரியின் உண்மை நிலையை வெளியாள் அறிய அது உதவும். அதுவரை விற்பவர் சொல்வதை நம்ப வேண்டாம், ஸ்கேனரை நம்புங்கள்.

அன்றாட வசதி

வீட்டில் சார்ஜ் செய்ய இடமில்லை என்றால் மின்கார் வசதியின் பெரும்பகுதி போய்விடும். 230 வோல்ட், 32 ஆம்பியர் இணைப்பில் 7.4 கிலோவாட் கிடைக்கும். ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 40 கி.மீ. ஓடும் அளவு ஏறும். இரவு முழுக்க மாட்டிவைத்தால் பெட்ரோல் பங்கையே மறந்துவிடலாம். சுவரிலுள்ள சாதாரண சாக்கெட்டில் நாள்தோறும் பல மணி நேரம் ஏற்றுவதுதான் ஆபத்து. தொடர்ந்த சுமையில் சாக்கெட் உருகும். தனிச் சுற்று, தகுந்த கனமுள்ள வயர், 6 மில்லிஆம்பியர் டி.சி. கசிவையும் உணரும் பாதுகாப்புக் கருவி மூன்றும் இல்லாமல் தொடங்க வேண்டாம்.

ஹைபிரிடுக்கு இந்தக் கவலை எதுவும் இல்லை, ஆனால் சும்மா நிற்கவிடுவது அதற்கு ஆகாது. வாரக்கணக்கில் ஓடாவிட்டால் முதலில் 12 வோல்ட் இறங்கும். மாதக்கணக்கில் ஓடாவிட்டால் பெரிய பேட்டரியும் இறங்கலாம். ஸ்டார்ட்டர் மோட்டார் இல்லாத அமைப்பில் பெரிய பேட்டரி வற்றினால் எஞ்சினைச் சுற்ற வழியே இல்லை, சிறப்புச் சார்ஜர் வர வேண்டும். வாரம் ஒருமுறை ஒரு மணி நேரம் ரெடி நிலையில் வைத்தால் போதும். மின்காரைப் பாதி சார்ஜில் நிறுத்தி, கேமராக் காவல் முறையை அணைத்துவிட்டால் மாதக்கணக்கில் நிற்கும்.

இரண்டையுமே ஓட்டும் சக்கரம் தரையில் உருள இழுத்துச் செல்லக் கூடாது. மோட்டார் சுழன்று மின்சாரம் உற்பத்தி செய்து இன்வெர்ட்டரைக் கெடுக்கும். தட்டை லாரியில் ஏற்றுவதே வழி. டயர் தேய்மானத்தில் ஹைபிரிடுக்குத்தான் லாபம். மின்காரின் எடையும் திடீர் இழுவையும் டயரைத் தின்னும். மாற்றும்போது பழைய டயரில் இருந்த சுமைக் குறியீட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது.

பிளக்-இன் ஹைபிரிடைத் தினமும் சார்ஜ் செய்பவர் மட்டுமே வாங்க வேண்டும். அதில் உள் சார்ஜரும் உண்டு, சைலன்சரும் உண்டு; அழுத்தம் தாங்கும் மூடிய பெட்ரோல் டேங்க், அதன் வால்வு என்று இரண்டு உலகத்துப் பாகங்களும் உண்டு. சார்ஜ் செய்யாமல் ஓட்டினால் கனத்தைச் சுமக்கும் பெட்ரோல் கார். எப்போதும் சார்ஜிலேயே ஓட்டினால் டேங்கில் பெட்ரோல் பழசாகும், அவ்வப்போது மட்டும் ஓடும் எஞ்சினின் ஆயிலில் எரிபொருள் கலக்கும். 48 வோல்ட் மைல்டு ஹைபிரிடைப் பற்றிப் பயம் வேண்டாம். அபாயகரம் என்று வகுத்த 60 வோல்ட் டி.சி. எல்லைக்குக் கீழேயே இருப்பதால் சாதாரணப் பட்டறையும் கையாள முடியும், சேமிப்பும் அந்த அளவுக்குச் சின்னதுதான்.

யாருக்கு எது

வீட்டில் சார்ஜ் வசதி, எளிதில் போய்வரும் தூரத்தில் தயாரிப்பாளரின் பட்டறை, பேட்டரி வாரண்டிக்குள் மாற்றிவிடும் எண்ணம் மூன்றும் இருந்தால் மின்கார்தான். அவருக்கு ஹைபிரிடின் ஆயில் மாற்றங்கள் வீண் சுமை. 12, 15 ஆண்டு ஓட்ட நினைப்பவர், பெரிய பட்டறை தொலைவில் உள்ளவர், வண்டி ஒரு நாள் நின்றாலும் பிழைப்பு கெடுகிறவர் இவர்களுக்கு, நிறைய விற்ற மாடலின் முழு ஹைபிரிடே இன்றைக்கு நம்பகமான தேர்வு. ஒரு ஹைபிரிட் மாடலுக்கும் ஒரு மின்கார் மாடலுக்கும் இடையே தயங்கினால், விற்பனையாளரை விட்டுவிட்டு உதிரிபாகக் கவுண்டருக்குப் போங்கள். முன் பம்பர், ஹெட்லைட், உள் சார்ஜர் அல்லது இன்வெர்ட்டர், ஏசி கம்ப்ரஸர் நான்குக்கும் கையிருப்பு உண்டா, ஆர்டர் போட்டால் எத்தனை நாள் என்று கேளுங்கள். பேட்டரி வாரண்டியில் சார்ஜரும் டி.சி. மாற்றியும் அடங்குமா, அல்லது அவற்றுக்குக் குறைந்த ஆண்டா என்பதையும் அங்கேயே கேட்டு எழுதி வாங்குங்கள்.

பழைய வண்டி என்றால், வண்டியின் கணினியைப் படிக்கும் ஒரு ஓ.பி.டி. கருவியும் கைப்பேசிச் செயலியும் கொண்டுபோங்கள். ஹைபிரிடை ஒரு மேட்டில் ஏற்றி, பேட்டரியின் மாட்யூல் ஜோடிகளில் எது முன்னதாகச் சரிகிறது என்று பாருங்கள். காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே முதல் ஸ்டார்ட்டைக் கேளுங்கள். நீங்கள் வரும் முன்பே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லுங்கள். மின்காரில் செல்களுக்கு இடையே உள்ள மின்னழுத்த வேறுபாட்டைப் பாருங்கள். 20, 30 மில்லிவோல்ட் பரவாயில்லை, 100-ஐத் தாண்டினால் விலகுங்கள். எல்.எஃப்.பி. (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகைச் செல்லில் நடு சார்ஜில் இந்த வேறுபாடு தெரியாது, நிறைந்த நிலையிலோ வற்றும் நிலையிலோ பார்க்க வேண்டும். பிறகு வண்டியை ஏ.சி. சார்ஜரில் ஒருமுறை, டி.சி. வேகச் சார்ஜரில் ஒருமுறை மாட்டுங்கள். டி.சி.யில் ஏறி ஏ.சி.யில் ஏறவில்லை என்றால் உள் சார்ஜர் போயிருக்கலாம். விலை பேச உட்காரும் முன் அந்தப் பாகம் கையிருப்பில் இருக்கிறதா என்று கவுண்டருக்கு ஒரு போன் போடுங்கள்.